தொர என்ற ஒரு ஜோடி கிளவுஸ்

இன்றைக்கும் யாராவது வந்து, "அண்ணே, மூட்டை குத்த எந்தக் கிளவுஸ் நல்லது, ஆளோட ஸ்பாரிங் போட எது நல்லது?" என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். பச்சைப் பொய். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் குத்துச்சண்டைக் கையுறைகளைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவன் கிடையாது. என் அளவுக்குப் பேசியவன் நிச்சயமாகக் கிடையாது. குத்தத்தான் அவ்வளவாக வராது.

வராது என்று ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. நான் மேடை ஏறியது ஒரே ஒரு முறை, சிலிம் ரிவரில் ஏதோ விழாவுக்கு வைத்த பந்தயத்தில். முதல் சுற்றிலேயே எதிராளி என்னை உட்கார வைத்துவிட்டான். எழுந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "கிளவுஸ் சரியில்ல." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது அன்றோடு விட்டிருப்பாள். நான் அடுத்த வாரமே பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுக் குத்துச்சண்டைப் பத்திரிகைகளை ஒரு கட்டு வாங்கிவந்து, அவற்றில் இருந்த கிளவுஸ் விளம்பரங்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன்.

நாங்கள் ஐந்து பேர். ஐவரும் கோப்பெங் போகிற வழியில் இருந்த ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு பிளைவுட் தொழிற்சாலையில் சேர்ந்தோம். தோட்டத்தில் மிச்சம் நின்றது ஸ்மோக்கவுஸ் மட்டும், ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கட்டடம். வாங்கியவன் அதை இடிக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதுதான் எங்கள் குத்துச்சண்டைக் கூடம். பத்து நிமிடம் உள்ளே நின்று மூச்சு வாங்கினால் உடம்பு கருவாடு மாதிரி மணக்கும்.

கூடம் இருந்தால் மூட்டை வேண்டுமே. ஊர் உலகத்தில் குத்துகிற மூட்டைக்குள் பழைய துணியைத் திணிப்பான், மரத்தூளைத் திணிப்பான். பிளைவுட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற எங்களுக்கு மரத்தூளுக்கா பஞ்சம்? அது தோன்றவே இல்லை. தோட்டத்துப் புத்தி எங்கே போகும்? ரப்பர் பால் ஸ்டோரின் மூலையில் யாரும் எடுத்துப்போகாமல் கிடந்த ஒட்டுப்பாலை, மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற மங்கின் அடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளுமே அந்த ரப்பர் கட்டிகளை, இரண்டு கோணிச் சாக்கு நிறைய அள்ளித் திணித்துத் தொங்கவிட்டோம். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் உள்ளே இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகிவிட்டது. நாற்றம் வேறு. அந்த நாற்றத்தை முகர்ந்தவனுக்கு விளக்க வேண்டாம், முகராதவனுக்கு விளக்கவும் முடியாது. குத்தினால் மூட்டை அசையாது. கை மட்டும் திரும்பி வரும்.

ஐவரில் ஒருவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை, லயத்தில் அடுத்த கதவு. எங்களில் உண்மையாகவே குத்தத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அதனால் அவன் கிளவுஸைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. தொழிற்சாலைப் பசையின் காட்டம் அவன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாயந்திரமானால் இருமிக்கொண்டே இருப்பான். எப்படியாவது அங்கிருந்து வெளியே வந்து பஸ் ஓட்ட வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு. ஈப்போவுக்கும் கோப்பெங்குக்கும் ஓடுகிற பஸ் கம்பெனியில் சொல்லி வைத்து, லைசன்ஸும் எடுத்து, வேலை ஏறக்குறைய முடிவாகிவிட்டது. டாக்டரிடம் கண்ணைக் காட்டி ஒரு தாள் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. "கண்ணுக்கென்ன மச்சான், மரத்து உச்சியில குருவி முட்ட போட்டாக்கூட சொல்லுவேன்லா," என்பான். சொல்லவும் செய்வான்.

கிளவுஸுக்கு வருகிறேன். கம்பெனிப் பெயர்களை நாங்கள் சொல்வதில்லை, வாயில் நுழையாது. ஊர்ப் பெயரைத்தான் சொல்வோம். எங்களிடம் பாகிஸ்தான் ஒரு ஜோடி, சயாம் ஒரு ஜோடி, தைவான் இரண்டு ஜோடி. பாகிஸ்தான் நல்ல தோல், ஆனால் கட்டைவிரல் தையல் மூன்று மாதத்தில் வாயைப் பிளந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி கனக்கும். சயாம்காரன் காலாலும் உதைக்கிறவன், எதிராளியின் கழுத்தைப் பிடித்து இழுக்கிறவன், அதனால் அவன் கிளவுஸில் உள்ளங்கை நன்றாக விரியும், மணிக்கட்டுக்குத்தான் பிடிமானம் போதாது. தைவானுடையது ரெக்சின். தோலே கிடையாது, உள்ளே வெறும் ஸ்பாஞ்சு. கன்னத்தில் உரசினால் தோல் வழண்டு இரண்டு நாள் எரியும். ஆனால் ஸ்பாஞ்சுக்கு ஒரு குணம், அமுக்கினால் எழுந்துகொள்ளும். எங்கள் ஒட்டுப்பால் மூட்டையைத் தாங்கியது அந்தத் தைவான் ஒன்றுதான். அதை நான் எவ்வளவு கேவலமாகப் பேசினேன் என்று நினைத்தால் இப்போது அந்த ரெக்சினிடம் மன்னிப்புக் கேட்கலாம் போலிருக்கிறது.

மற்றவர்களுக்கு அவுன்ஸ் கணக்கே பிடிபடவில்லை. பதினாறு அவுன்ஸ் என்றால் அடி பலமாக விழும், எட்டு அவுன்ஸ் என்றால் மெதுவாக விழும் என்று நினைத்துக்கொண்டு, சிநேகிதனை அடிக்க இஷ்டமில்லாதவன் எட்டு அவுன்ஸைத் தேடி மாட்டுவான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: எடை கூடினால் உள்ளே மெத்தை கூடும், மெத்தை கூடினால் வாங்குகிறவனுக்கு வலி குறையும். இன்னொரு சட்டமும் போட்டேன். "மூட்டைக்கு வேற, ஆளுக்கு வேற. மூட்டைய குத்துன கிளவுஸ போட்டுக்கிட்டு ஆள குத்தக்கூடாது. மூட்டை மெத்தைய தின்னுரும்." ஞாயிறு தவறாமல் சொன்னேன். மந்திரம் மாதிரி சொன்னேன். அத்தனையும் சரி. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்ததும் ஈப்போ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்திய கடை. அங்கே போனதும் எனக்குத் தமிழ் சுத்தமாகிவிடும். கிளவுஸ் என்று சொல்லமாட்டேன், கையுறை என்பேன். கையுறையின் இலக்கணம், கையுறையின் வகை, கையுறையைப் பேணும் முறை. ஒருநாள் அவர் தே தாரேக் ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, உறையப் பத்தி ஒரு மணி நேரமா சொல்றீங்க. உள்ள வாள் இருக்கா?" என்றார். கடையே சிரித்தது. மச்சான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன், உள்ளே புகைந்துகொண்டு.

அந்தப் புகைச்சலில்தான் இங்கிலாந்து வந்தது. டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வருடக்கணக்காக ஒரு ஜோடி இருந்தது. ரத்தச் சிவப்புத் தோல், கைத்தையல், உள்ளே குதிரை முடி. நான் கேட்டதும் தவுக்கே தூசி தட்டி எடுத்து வைத்து, "இனி பாராங் ஒராங் பூத்தே," என்றார். வெள்ளைக்காரன் சாமான். போதாதா? என் தாத்தா வெள்ளைக்காரத் துரைக்குப் பாலுக்கு மரம் வெட்டினார், அப்பா வெட்டினார், அம்மா பால் வாளி தூக்கினாள். அவன் எங்கள் பாலைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனான். கடைசியில் அவன் ஊர் தோலை நான் அந்த வருடப் போனஸைக் கொடுத்து வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று தலைமுறையாக முதுகு வளைந்தவர்களின் வாரிசுக்கு வேறு என்ன புத்தி வரும்?

ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியிலிருந்து அவிழ்த்தபோது மச்சான் எழுந்து நின்று, இல்லாத தொப்பியைக் கழற்றி, "தொர வந்துட்டாருலா, எல்லாரும் எந்திரிங்க," என்றான். அன்றிலிருந்து அதற்குத் தொர என்றே பெயர். "தொர குளிச்சாரா?" "தொரைக்கு வெயில் ஆகுமா?" "தொர இன்னிக்கு பெரட்டுக்கு வருவாரா?" பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணுவது. எல்லாம் கிண்டல்தான். ஆனால் கிண்டல் செய்கிறவர்கள்கூடத் தொட்டுப் பார்க்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு தொட்டார்கள். அதைக் கவனித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

தொர ஸ்பாரிங்குக்கு மட்டும் என்று நானே அறிவித்தேன். குதிரை முடி ஸ்பாஞ்சு மாதிரி இல்லை, அமுக்கினால் எழாது. மூட்டையில் குத்தினால் விரல் முட்டியிலிருந்து விலகி விலகி ஓரத்துக்குப் போய்விடும். இதையும் பத்திரிகையில் படித்திருந்தேன், இதையும் எல்லாருக்கும் சொன்னேன். சொல்லிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? காலை ஷிப்ட் முடிகிற நாட்களில், யாருக்கும் சொல்லாமல், தொரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு தனியாக ஸ்மோக்கவுஸுக்குப் போனேன். ஒட்டுப்பால் மூட்டையில் அந்தத் தோல் விழும்போது ஒரு சத்தம் வரும். பட், பட் என்று. காலி கட்டடம் முழுக்க எதிரொலிக்கும். கண்ணை மூடிக்கொண்டால் யாரோ ஒரு பெரிய குத்துச்சண்டைக்காரன் உள்ளே இருக்கிற மாதிரி இருக்கும். தைவான் போட்டால் அந்தச் சத்தம் வராது. அந்தச் சத்தத்துக்காக மூன்று மாதம் குத்தினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

கண் பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த ஞாயிறு வந்தது. அன்று எனக்கும் மச்சானுக்கும் ஸ்பாரிங். இங்கிலாந்து கிளவுஸுக்கு நாடா உண்டு, தானே கட்டிக்கொள்ள முடியாது. எப்போதும் எனக்குக் கட்டிவிடுகிறவன் அவன்தான். வலது கையைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, விரல் முட்டி இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினான்.

"தொர எளைச்சிட்டாருலா," என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படியா" என்று நானும் அமுக்கிப் பார்த்திருக்கலாம். எங்கே? "குதிரை முடியப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?" என்று ஆரம்பித்தேன். குதிரை முடி கைக்குப் பழகும், பழகப் பழகக் கையோடு படிந்து வரும், அதுதான் அதன் தரம், தைவான் ஸ்பாஞ்சைப் பார்த்துப் பழகினவனுக்கு இது புரியாது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றெல்லாம் பேசினேன். அவன் தலையாட்டிக்கொண்டே இடது கையையும் கட்டி முடித்தான். இறுக்கமாக, ஒழுங்காக, எப்போதும் போல முடிச்சை உள்பக்கம் மறைத்து.

இரண்டாவது சுற்றில் அவன் சிரித்துக்கொண்டே கையைத் தாழ்த்தினான். என் குத்து என்றைக்குப் பட்டிருக்கிறது, அவன் பயப்பட? அன்றைக்குப் பட்டது. வாழ்நாளில் நான் குத்திய ஒரே நல்ல குத்து. அவனுடைய இடது கண்ணில் நேராக விழுந்தது, கிளவுஸே இல்லாத மாதிரி என் விரல் எலும்புகளுக்கு அது தெரிந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "பரவால்ல மச்சான், கத்துக்கிட்டே," என்றான். நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம். அந்த ஒரு நிமிடம் நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். இடது கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றான். டாக்டரிடம் போனால் பஸ் வேலை போய்விடும் என்று பயந்தான். நானும் போ என்று சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவன் அல்லவா, இதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். பரிசோதனையில் முதலில் வலது கண்ணால் பலகையைப் படிக்கச் சொல்வார்கள், அந்த எழுத்துகளை அப்படியே மனசில் போட்டுக்கொண்டு, இடது கண்ணுக்கும் அதையே ஒப்பித்துவிடு என்றேன். ஒரு கண்ணோடு ஒருவன் ஒரு பஸ் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு போவதைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவன் முதலில் சிரித்தான். "வலது கண்ணுக்குப் படிச்சதும், பலகைய தலைகீழா திருப்பிட்டாருலா," என்றான். அப்புறம் அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், கையால் முகத்தை மூடிக்கொள்ளக்கூடச் செய்யாமல் அழுதான். கண்ணுக்குள் ஒரு சவ்வு கிழிந்துவிட்டதாம். கோலாலம்பூரில் அறுவை செய்தார்கள். நாளாகிவிட்டதால் வெளிச்சம் மட்டும்தான் திரும்பியது, எழுத்து திரும்பவில்லை.

கண் பரிசோதனை நடந்த அன்று சாயந்திரமே வீட்டில் தொரையைக் கத்தியால் கிழித்துப் பார்த்தேன். குதிரை முடியெல்லாம் நைந்து, மணிக்கட்டுப் பக்கமும் கட்டைவிரல் பக்கமும் குப்பையாக ஒதுங்கியிருந்தது. விரல் முட்டி இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. தோலுக்குக் கீழே தோல். செய்தவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அவன் மூட்டைக்கு என்று செய்யவில்லை. இரண்டையும் பழைய பேப்பரில் சுற்றி, கிந்தா ஆற்றில் எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தொர எங்கே என்று மற்றவர்கள் கேட்டபோது, வித்துட்டேன் என்றேன். மச்சான் மட்டும் கேட்கவே இல்லை.

பஸ் கம்பெனி அவனை விட்டுவிடவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார வைக்க முடியாது, ஆனால் கண்டக்டராக எடுத்துக்கொண்டது. பசைக் காட்டத்திலிருந்து தப்பித்தான், இருமல் நின்றது. அவன் ஓட்ட நினைத்த அதே கோப்பெங் பஸ்ஸில், ஓட்டுகிறவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எண்பதுகள் முழுக்க டிக்கெட் கிழித்தான். யாராவது இடது பக்கமிருந்து கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பான். புதிதாக ஏறியவர்கள் கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், "இது லோக்கல் அடி இல்லலா, மேட் இன் இங்லண்ட்," என்பான். பஸ்ஸே சிரிக்கும். நான் அதில் இருந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

ஏழெட்டு வருடம் அதைத் தாங்கினேன். ஒருநாள் மத்தியானம், பஸ்ஸில் கூட்டமில்லை. ஈப்போ தாண்டியதும் அவன் வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். மூட்டையை, மூன்று மாதத்தை, அந்தச் சத்தத்தை, கிழித்துப் பார்த்ததை, ஆற்றை, எல்லாவற்றையும். ஒரு பெரிய ரகசியத்தை உடைக்கிறோம் என்ற நினைப்பு வேறு, அப்போதும்.

அவன் டிக்கெட் கட்டை ரப்பர் பேண்டில் சுற்றிக்கொண்டே கேட்டான். "தெரியும்லா," என்றான்.

"எப்படி?"

"கட்டிவிட்டது யாரு? நான்தானே. அமுக்கிப் பார்த்தேன், ஒன் எலும்பு தட்டுச்சு. சொன்னேனே, தொர எளைச்சிட்டாருன்னு."

"அப்புறம் ஏன் மச்சான் ஸ்பாரிங் போட்டே?"

அவன் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினான், நல்ல கண்ணால் பார்ப்பதற்காக. "நீதான் குதிரை முடி அப்படித்தான் இருக்கும்னு சொன்னியே. ஒனக்குத் தெரியாதா, எல்லாம் படிச்சவனாச்சேன்னு நெனச்சேன்." அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லையே என்று இருந்தது. அவன் உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். எங்களில் ஒரே ஒருவன் என் பேச்சை நம்பியிருக்கிறான்.

அவன் எழுந்துபோய்த் தன் வேலையைப் பார்த்தான். கோப்பெங் வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இறங்கும்போது படியில் நின்று மணியடிக்கக் கயிற்றைப் பிடித்தவன், குனிந்து என் தோளைத் தட்டினான்.

"வாய மூடிக்கிட்டு எவ்வளவு தூரம் வந்துட்ட பாத்தியா," என்றான். "இத அன்னிக்கே செஞ்சிருந்தா போதுமேலா, மச்சான்."